எழுதத் தொடங்கிய நூலை எழுதி முடிப்போம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, குருதி அமுக்கம் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் வைத்துக்கொள்வோம். இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் வேறு. நம்மில் பலர் எழுதத் தொடங்கி முடிக்காமல் வைத்திருக்கும் புத்தகங்களைப் பற்றியது.

பழைய மாணவியர் கூடும் இடத்தில் பத்துப் பேரிடம் விசாரித்தால் இரண்டு மூன்று பேராவது, "நானும் ஒன்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்பார்கள். ஒருவரிடம் அப்பாவின் துறைமுக வேலைக் காலத்துக் கதைகள். இன்னொருவரிடம் அம்மம்மாவின் சமையல் குறிப்புகள். ஒரு ரீச்சரிடம் முப்பது ஆண்டு வகுப்பறை அனுபவம். ஒருவரிடம் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாட்கள். எப்போது முடியும் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே சிரிப்புத்தான். இந்தப் புத்தகங்கள் ஏன் நின்றுபோகின்றன, அவற்றை எப்படி முடிக்கலாம் என்பதை இன்று சேர்ந்து யோசிப்போம்.

முதலில், இது ஏன் அவசரம் என்று சொல்லவேண்டும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்த நாட்களில் பெட்டி கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு ஓடியவர்கள் நம் அம்மம்மாமார். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம், அவற்றில் எத்தனையை எழுதி வைத்தோம்? 1957 இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போனபோது டொக்யாட்டில் வேலை செய்த குடும்பங்களின் வாழ்க்கை மாறியது. 1964 டிசம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடல்கோள், இவற்றுக்கிடையில் வந்த போர்க் காலம், இவை எல்லாவற்றையும் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள், இருக்கிறார்கள். பெரிய விடயங்களை விடுவோம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, பாதைக்காகத் துறையில் வெயிலில் காத்து நின்றது என்றால் என்னவென்றே தெரியாது. அதை யாராவது சொல்லவேண்டாமா?

கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது ஒன்று. நினைவாற்றல் குறையத் தொடங்கிய ஒருவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதை மறப்பார். ஆனால் சின்ன வயதில் பார்த்த சூறாவளியை, எந்த வீட்டுக் கூரை எங்கே போய் விழுந்தது என்பது வரை சொல்வார். இதைக் கேட்டுக் குடும்பத்தார், "பழசெல்லாம் நல்ல ஞாபகம், பயமில்லை" என்று ஆறுதல் கொள்வார்கள். நோய் மேலும் போகப் போக அந்தப் பழைய நினைவுகளும் கலையத் தொடங்கும். ஆகவே ஆறுதலாகப் பிறகு எழுதலாம் என்று நினைக்கும் "பிறகு" எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

இனி, தடைகளைப் பார்ப்போம்.

முதலாவது தடை நேரம். நம் பெண்களுக்கு இது சாட்டு அல்ல, உண்மையான தடை. வேலை, சமையல், பிள்ளைகளின் ரியூசன், வயதான பெற்றோர், கோயில், கலியாணவீடு, செத்தவீடு என்று நாள் முடிந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு எழுதலாம் என்போம். ஓய்வுபெற்றால் பேரப்பிள்ளை பார்க்க லண்டனுக்குப் போகவேண்டும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு 250 சொல் என்று வைத்துக்கொள்வோம். கொப்பியில் ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். கிழமைக்கு 5 நாள் எழுதினால் 1,250 சொல். 40 கிழமையில் 50,000 சொல். அது ஏறக்குறைய 200 பக்கப் புத்தகம். ஆண்டில் மிச்சம் 12 கிழமை இருக்கிறது. சோதனை, திருவிழா, காய்ச்சல், விருந்தாளி எல்லாவற்றுக்கும் அதை விட்டுவிடலாம். நீண்ட ஓய்வு வரட்டும் என்று காத்திருந்து எழுதுவதைவிட அரை மணித்தியாலமாக எழுதுவதுதான் நம் வாழ்க்கைக்குப் பொருந்தும்.

சுவாமி விபுலாநந்தரை நினைத்துப் பாருங்கள். காரைதீவில் பிறந்தவர், நம் ஊர் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். அவருடைய 'யாழ் நூல்' ஏறக்குறைய 14 ஆண்டு ஆராய்ச்சியின் பயன் என்று சொல்வார்கள். அந்தக் காலமெல்லாம் அவர் ஒரே மேசையில் இருந்து எழுதவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்தில் பத்திரிகை ஆசிரியர், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் என்று இடமும் பொறுப்பும் மாறிக்கொண்டே இருந்தன. இடையில் உடல்நலமும் குன்றியது. நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் திகதி அவர் காலமானார். வேலைகள் எல்லாம் ஓய்ந்த பிறகு எழுதுவோம் என்று அவர் இருந்திருந்தால் நமக்கு யாழ் நூல் கிடைத்திருக்காது.

இரண்டாவது தடை, "இன்னும் கொஞ்சம் விபரம் சேர்க்கவேண்டும்" என்பது. படித்த பெண்களுக்கே உரிய தடை இது. இன்னொரு புத்தகம் பார்க்கவேண்டும், கொழும்பில் சுவடிகள் திணைக்களத்துக்குப் போகவேண்டும், மாமாவிடம் அந்த ஆண்டைக் கேட்டு உறுதிப்படுத்தவேண்டும் என்று சொல்லிச் சொல்லி எழுத்து நின்றுவிடும்.

இங்கே நம் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில் நடந்த கதையைச் சொல்லலாம். பாடப்புத்தகத்தில் றொபேட் நொக்ஸ் பற்றிப் படித்திருக்கிறோம். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த கொட்டியாரக்குடாவுக்கு வந்து, 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். கப்பலின் தலைவரான தகப்பன் மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 ஆண்டுக்கு மேல் மலைநாட்டில் சிறையிருந்தார். தொப்பி பின்னி விற்று, நெல் வட்டிக்குக் கொடுத்துப் பிழைத்தார். 1679 ஒக்டோபரில் ஒரு தோழருடன் காட்டு வழியாக அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்து சேர்ந்தார்.

நமக்கு வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. அவர் இங்கிலாந்து திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். கையில் குறிப்புப் புத்தகம் இல்லை, பார்க்க நூலகம் இல்லை, நினைவில் இருந்ததை எழுதினார். ஊர் போய்ச் சேர்ந்ததும் உறவினரான ஒரு பாதிரியார் அதை ஒழுங்குபடுத்தப் பெரிதும் உதவினார். விஞ்ஞானி றொபேட் ஹூக் முன்னுரை எழுதினார். 1681 இல் புத்தகம் வந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஜேர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளிலும் வந்தது.

அதன் பிறகு நொக்ஸ் என்ன செய்தார்? இரண்டாம் பதிப்பை இன்னும் நிறைவாகக் கொண்டுவர நினைத்தார். அச்சிட்ட பிரதியின் இடையிடையே வெற்றுத்தாள் வைத்துக் கட்டி, ஆண்டாண்டாகத் திருத்தங்களும் சேர்க்கைகளும் எழுதிக்கொண்டே இருந்தார். 1720 இல் இறக்கும் வரை அந்தப் பதிப்பு வரவில்லை. அவர் எழுதிய சுயசரிதைக் குறிப்புகள் 1911 இல்தான் அச்சேறின. சேர்க்கைகளோடு கூடிய முழுப் பதிப்பு 1989 இல் வந்தது. ஒரே மனிதர், ஒரே விடயம். நினைவை நம்பி எழுதியது இரண்டே ஆண்டில் முடிந்தது. நிறைவாக்க நினைத்தது அவர் காலத்தில் முடியவே இல்லை.

ஆகவே விபரம் தெரியாத இடத்தில் கோடு போட்டு, "ஆண்டு பார்க்கவேண்டும்" என்று ஓரத்தில் எழுதிவிட்டு மேலே போவோம். முழுவதும் எழுதி முடிந்த பிறகு அந்தக் கோடுகளை எண்ணினால் பத்தோ இருபதோ இருக்கும். அவற்றை மட்டும் தேடினால் போதும்.

நொக்ஸ் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கரையில் அன்று வாழ்ந்த நம் பெண்கள் அவரைப் பற்றி, அந்தக் கப்பலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. எழுதியவருடைய பார்வைதான் நின்றது. நம் காலத்து மூதூரையும் திருகோணமலையையும் கூட யாராவது எழுதத்தான் போகிறார்கள். அதில் நம் வீட்டுப் பக்கமும் இருக்கவேண்டுமானால் நாம்தான் எழுதி முடிக்கவேண்டும்.

மூன்றாவது தடை நடுவில் வரும் சோர்வு. அநேகமான புத்தகங்கள் தொடக்கத்தில் நிற்பதில்லை. மூன்றாம், நான்காம் அத்தியாயத்தில்தான் நிற்கின்றன. வைத்தியத்தில் இதற்குப் பழக்கமான ஓர் உதாரணம் உண்டு. காசநோய்க்கு வழமையான மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதத்தில் இருமல் குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறும். அப்போதுதான் பலர் மருந்தை விடப் பார்ப்பார்கள். அதனால் ஒருவர் பார்த்திருக்க நோயாளி மருந்து விழுங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது நோயாளியில் நம்பிக்கையில்லாமல் அல்ல. ஆறு மாதம் தனியே உறுதியாக இருப்பது எல்லோருக்கும் கடினம் என்பதால்.

எழுத்துக்கும் அப்படி ஒரு ஆள் தேவை. வகுப்புத் தோழி ஒருத்தியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் ஆளுக்கு ஓர் அத்தியாயம் அனுப்பவேண்டும். அவள் விமர்சகி ஆகவேண்டியதில்லை. "இந்த மாதம் எங்கே?" என்று கேட்டால் போதும். கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 இல் தொடங்கி 1954 வரை வாரப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த இதழுக்கு அத்தியாயம் போயே ஆகவேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாமல் அவ்வளவு நீளமான கதை முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொரு வழி, வாட்டில் நாங்கள் செய்வது. வேலை முறை மாறும்போது அடுத்து வருபவருக்கு எந்தக் கட்டிலில் யார், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போவோம். அதுபோல ஒவ்வொரு நாளும் எழுத்தை நிறுத்தும்போது, நாளைக்கு எழுதவேண்டியதை இரண்டு வரியில் குறித்துவிட்டு எழும்புங்கள். மறுநாள் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டு இருக்கும் நேரம் மிச்சம்.

நான்காவது தடை, "எழுதியது நன்றாக இல்லையே" என்பது. சாதாரண தரத்தில் தமிழில் டி எடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கவலை அதிகம்! முதல் பக்கத்தையே ஆறு தடவை திருத்துவார்கள், ஏழாவது பக்கம் வராது. எழுதும் நாளில் எழுதுவோம், திருத்தும் நாளில் திருத்துவோம். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளவேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர், தமிழ் எழுதிக் கனகாலம் ஆகிவிட்டது, எழுத்துப்பிழை வருகிறது என்கிறார்கள். பிழை திருத்த இந்த மண்டபத்தில் முப்பது தமிழ் ஆசிரியைகள் இருக்கிறார்கள். எழுத வராவிட்டால் பேசுங்கள். கைத்தொலைபேசியில் பேசினால் தமிழிலேயே எழுத்தாக்கித் தரும் வசதி இப்போது இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் வருகிறது என்றால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். மொழிபெயர்க்கலாம். எழுதாததை மொழிபெயர்க்க முடியாது.

ஐந்தாவது தடையை நாம் வெளியே சொல்வதில்லை. "ஊர் என்ன சொல்லும்? மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள்? அவருக்குப் பிடிக்குமோ?" என்பது. இதனால் கொப்பிகள் அலுமாரியில் சேலைக்கு அடியிலேயே இருக்கின்றன.

நம் ஊர்க்காரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை பெண்களின் விடுதலைக்காக 'தத்தை விடு தூது' என்ற நூலை 1892 இல் எழுதினார். 1895 இல் 'மோகனாங்கி' என்ற வரலாற்று நாவலை எழுதினார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். சென்னையில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், 1902 இல் நாற்பது வயதைக் காணாமலே மறைந்துவிட்டார். 1914 இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை வெளியிட்டார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவர் குடும்பத்துக்குள் பெண் படும் துன்பத்தைப் புத்தகமாக்குவது சின்ன விடயம் அல்ல. நம் ஊரிலேயே ந. பாலேஸ்வரி 'சுடர் விளக்கு', 'பூஜைக்கு வந்த மலர்' என்று நாவல்களை எழுதி முடித்து வெளியிட்டுக் காட்டினார். வழி ஏற்கனவே வெட்டப்பட்டிருக்கிறது.

ஆனாலும் பயத்துக்கு நியாயம் இல்லை என்று சொல்லமாட்டோம். போர்க் காலத்தைப் பற்றி எழுதும்போது உயிரோடிருப்பவர்களின் பெயர் வரும். வைத்தியர்கள் எழுதினால் நோயாளரின் இரகசியம் வரும். தாதியர், ஆசிரியைகளுக்கும் இது பொருந்தும். இதற்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். எழுதுவது ஒரு முடிவு, வெளியிடுவது இன்னொரு முடிவு. முதலில் உள்ளதை உள்ளபடி எழுதி முடியுங்கள். பிறகு, யாருடைய பெயரை மாற்றவேண்டும், யாரிடம் அனுமதி கேட்கவேண்டும், எந்தப் பக்கத்தை இப்போதைக்கு வெளியிடாமல் வைக்கவேண்டும் என்று ஆறுதலாகத் தீர்மானியுங்கள். நோயாளரின் கதையைப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவது போதாது. நம் ஊர் சின்ன ஊர். தெருவையும் தொழிலையும் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அனுமதி இல்லாவிட்டால் விட்டுவிடுவதே முறை. இந்த ஒழுங்கு இருந்தால் பயம் எழுத்தை மறிக்காது.

ஆறாவது, எழுதியது அழிந்துபோவது. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. இடப்பெயர்வில் ஒரு பையோடு வெளிக்கிட்டவர்கள் பிள்ளைகளின் சான்றிதழை எடுத்தார்கள், கொப்பியை எடுக்க இடம் இருக்கவில்லை. கடல்கோள் எத்தனையோ அலுமாரிகளைக் கொண்டுபோனது. எழுதியதைப் பறிகொடுத்தவர்களுக்கு மறுபடி தொடங்க மனம் வராது, அது இயல்பு. அப்படியானவர்கள் இருந்தால், நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள் என்றுதான் கேட்போம். நொக்ஸ் அப்படித்தான் எழுதினார்.

இன்று ஒரே பிரதியோடு இருக்க வேண்டிய தேவை இல்லை. கிழமைக்கு ஒரு தடவை கொப்பியின் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் உள்ள ஒரு தோழிக்கு அனுப்பிவிடுங்கள். அச்சான நூல் என்றால், 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் பாதுகாத்து எல்லோரும் இலவசமாகப் படிக்கத் தருகிறது. ஒரு பிரதி அங்கே போய்விட்டால் நெருப்புக்கும் கடலுக்கும் எட்டாது.

கடைசித் தடை, முடிப்பதற்கே உள்ள தயக்கம். அச்சடிக்கப் பணம் வேண்டும், வெளியீட்டு விழா வைக்கவேண்டும், மண்டபம் வேண்டும், பிரதம விருந்தினர் வேண்டும் என்று யோசித்தே பலர் கடைசி அத்தியாயத்தை எழுதுவதில்லை. நம் நாட்டில் அநேகமானோர் சொந்தச் செலவில்தான் 300, 500 பிரதி அடிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அச்சகத்துக்குப் போகும் கேள்வி, எழுதி முடித்தவர்களுக்குத்தான் வரும். உங்கள் புத்தகம் 20 பிரதியாகக் குடும்பத்துக்குள் நின்றாலும் அது முடிந்த புத்தகம்தான். எங்கே முடிப்பது என்று தெரியாவிட்டால், எந்த ஆண்டோடு நிறுத்துவது என்று இன்றைக்கே ஒரு ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை முழுவதையும் ஒரே புத்தகத்தில் அடக்கத் தேவையில்லை. உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தை 1940 இல் வாரந்தோறும் எழுதத் தொடங்கும்போது 85 வயதை நெருங்கியிருந்தார். 1942 ஏப்ரலில் மறையும்போது வரலாறு அரைவழியில் நின்றது. ஆனாலும் நூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் கையில் இருந்தன. நமக்கு அது பெரிய சொத்து. எழுதிய அளவு நிற்கும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைத்து முடிக்கிறோம்.

ஒன்று, எழுதிக்கொண்டிருக்கும் பழைய மாணவியரின் பெயர்களை இன்றே ஒரு கொப்பியில் பதிவோம். யாருக்கு யார் துணை என்று இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவோம். திருகோணமலையில் ஒருவர், ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ ஒருவர் என்றால் இன்னும் நல்லது.

இரண்டு, 80 வயது கடந்த நம் ஆசிரியைகளிடம் தங்கைமார் போய், அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து எழுதிக் கொடுக்கவேண்டும். கை நடுங்கி எழுத முடியாதவர்களுக்கு இது ஒரு கைமாறு. அவர்கள் நம் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவர்கள். இது அடுத்த ஆண்டுக்கு வைக்கவேண்டிய வேலை அல்ல, இந்த மாத வேலை.

மூன்று, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் பாடசாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்து தரும்படி அதிபர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வந்து இருந்து எழுதுவோம். பேச்சு, தேநீர், ஒன்றும் வேண்டாம். வாங்கும் மேசையும் போதும். வீட்டில் கிடைக்காத அமைதி அங்கே கிடைக்கும்.

நூறு ஆண்டுகளில் இந்தப் பாடசாலை எத்தனையோ ஆயிரம் பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தந்தது. படித்ததை வைத்து நாம் பரீட்சை எழுதினோம், விண்ணப்பம் எழுதினோம், மருந்துச் சீட்டு எழுதினோம், வீசாப் படிவம் எழுதினோம். நமக்கென்று எழுதத் தொடங்கியதையும் எழுதி முடிப்போம். அடுத்த ஒன்றுகூடலில் நம் புத்தகங்களை வைக்க ஒரு மேசை போடுங்கள் என்று சங்கத்தைக் கேட்கும் நிலை வரட்டும்.